கம்ப்ரஸர் நடுங்கினால் ஸ்டோருக்குத் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று அடுத்தடுத்து ஊர்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்த வட்டாரத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்துகொண்டே இருந்தன. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் சோலார் பேனல் ஆலை திறக்கப்பட்டது.

அந்த ஆலையின் ஆண்டு உற்பத்தித் திறன் 3.3 ஜிகாவாட். ஒரு முனையில் வெறும் கண்ணாடியாக நுழைவது, காட்மியம் டெலூரைடு படலம் பூசப்பட்டு, சுமார் 4 மணி நேரத்தில் மறுமுனையில் மின்சாரம் தரும் பேனலாக வெளிவருகிறது என்கிறது நிறுவனம். ஆலைக்குத் தேவையான தண்ணீர், நகரத்துக் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துப் பெறுவது. கழிவுநீர் எதையும் வெளியே விடாதபடி ஆலை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு வேகமாக ஓடும் உற்பத்தியில் வெப்பம், அழுத்தம், நீரோட்டம், மின்சாரம் ஆகியவற்றை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும். நாலு மணி நேரத்தில் முடிகிற வேலையில் நடந்த பிழையைச் சாயந்திரம் ரிப்போர்ட்டில் பார்த்தால், அதற்குள் எத்தனையோ பேனல்கள் லைனைக் கடந்து போயிருக்கும்.

பெரிய ஆலைகள் இதற்கென்றே ஆட்களையும் பணத்தையும் ஒதுக்குகின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் நடுத்தர, சிறு ஆலைகளின் நிலைமை வேறு. பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங், காஸ்டிங், மெஷினிங் என்று எங்கே போனாலும் இன்று சென்சார் இல்லாத மெஷினைப் பார்ப்பது அரிது. மெஷின் வாங்கும்போதே அதுவும் கூட வந்துவிடுகிறது. ஆனால் அது அளந்து சொல்லும் எண் மெஷினின் கன்ட்ரோல் பேனலில் உள்ள சின்னத் திரையைத் தாண்டி நகர்வதில்லை. சூப்பர்வைசர் ஷிப்டுக்கு இரண்டு முறை பார்த்து லாக் புக்கில் எழுதுகிறார். அதை ஒருவர் மறுநாள் எக்செல்லில் ஏற்றுகிறார். ஸ்டோர் கணக்கு டாலியில் தனியாக ஓடுகிறது. கொள்முதல் இன்னொரு மேஜையில் நடக்கிறது.

மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர்கள் அனைவரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. இரவு ஷிப்டில் கம்ப்ரஸர் நின்றுபோகிறது. பேரிங் போயிருக்கிறது. ஸ்டோருக்கு ஆள் ஓடுகிறார். “அண்ணே, அந்த சைஸ் போன மாசமே தீர்ந்துபோச்சு. யாரும் இண்டெண்ட் போடலையே” என்கிறார் ஸ்டோர்காரர். அவர் சொல்வது உண்மை. அந்த பேரிங் மூன்று வாரமாக அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. சென்சாருக்கு அது தெரியும், ஸ்டோருக்குத் தெரியாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதுதான் சென்சார் தரவை நிறுவன மென்பொருளோடு இணைக்கும் வேலை.

ஒரு எண்ணின் பயணம்

சென்சாரிலிருந்து அலுவலகம் வரை ஒரு எண் எப்படிப் போகிறது? பழைய, இன்னமும் பரவலான முறை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம். பூஜ்யம் முதல் 100 டிகிரி வரை அளக்கும் வெப்பச் சென்சார், பூஜ்யம் டிகிரிக்கு 4 மில்லிஆம்பியரும், 100 டிகிரிக்கு 20 மில்லிஆம்பியரும் அனுப்பும். 12 வந்தால் 50 டிகிரி. பூஜ்யத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். அப்போது ‘குளிர்ந்திருக்கிறது’ என்று தவறாக நினைக்காமல், ‘கம்பி போய்விட்டது’ என்று உடனே கண்டுகொள்ளலாம்.

இந்தச் சைகை பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகிறது. பிஎல்சியும் மின் மீட்டரும் இன்வெர்ட்டர் டிரைவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் மோட்பஸ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்டது அது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஒரகடம் சாலையோரத்து ஷெட்டுகளில் தினமும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு குறை உண்டு. மோட்பஸ் எண்ணை மட்டும் தரும். அது என்ன எண் என்று சொல்லாது. ஒரு முகவரியில் 624 என்று இருந்தால், அது 62.4 டிகிரியா, 624 வோல்ட்டா என்பதை அந்தக் கருவியின் கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் கேட்வே என்ற சின்னப் பெட்டி வருகிறது. ஒரு பக்கம் மோட்பஸில் எண்ணைப் படித்து, அதற்குப் பெயர், அலகு, நேரம் மூன்றையும் சேர்த்து மறுபக்கம் அனுப்புவது அதன் வேலை. அனுப்பும் முறைகளில் இன்று அதிகம் புழங்குவது எம்க்யூடிடி. ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், பொறியாளர் ஆர்லன் நிப்பரும் 1999இல் இதை உருவாக்கினார்கள். தொலைதூர எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, மிகக் குறைந்த அலைவரிசையில் வேலை செய்யும் முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஊராட்சி அறிவிப்புப் பலகை போன்ற ஏற்பாடு இது: கருவி தன் செய்தியைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போகும், வேண்டியவர்கள் வந்து படித்துக்கொள்வார்கள். மெயின்டனன்ஸ் மென்பொருளும் மின்செலவு மென்பொருளும் ஒரே செய்தியைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். எந்த மென்பொருள் படிக்கிறது என்ற கவலை கருவிக்கு இல்லை.

பயணத்தின் கடைசி நிறுத்தம் இஆர்பி. கொள்முதல், இருப்பு, உற்பத்தித் திட்டம், பில், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருள். பெரிய ஆலைகளில் ஜெர்மனியின் எஸ்ஏபி இருக்கும். சென்னையிலேயே உருவான ராம்கோ சிஸ்டம்ஸும் 1990களிலிருந்து இஆர்பி செய்து விற்கிறது. இப்படிப்பட்ட மென்பொருள்கள், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ள ஏபிஐ என்ற வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன.

எல்லாவற்றையும் அனுப்பக் கூடாது

வாசல் இருக்கிறது என்பதற்காக எல்லா எண்ணையும் உள்ளே கொட்ட முடியாது. நொடிக்கு ஒரு முறை அளக்கும் ஒரே ஒரு சென்சார் ஒரு நாளில் 86,400 எண்களைத் தரும். 1,000 சென்சார் உள்ள ஆலையில் நாளொன்றுக்கு 8 கோடியே 64 லட்சம். பில்லும் பர்ச்சேஸ் ஆர்டரும் போடுவதற்காகக் கட்டிய மென்பொருள் இதைத் தாங்காது. தாங்க வேண்டிய தேவையும் இல்லை. தொடர் அளவீடுகளைச் சேமிக்கத் தனித் தரவுத்தளங்கள் இருக்கின்றன. இஆர்பிக்குப் போக வேண்டியது, யாராவது ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டிய செய்தி மட்டும்தான்.

கம்ப்ரஸரின் நடுக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 15 முதல் 300 கிலோவாட் வரையிலான, உறுதியான அடித்தளத்தில் நிற்கும் மெஷின்களுக்கு ஐஎஸ்ஓ தரநிலை வரம்பு சொல்கிறது. நடுக்கத்தின் வேகம் நொடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் நெடுநாள் ஓட்டத்துக்கு ஏற்றதல்ல, 4.5ஐத் தாண்டினால் மெஷினுக்குச் சேதம். அப்படியானால் 2.8ஐத் தாண்டியதும் வேலை உத்தரவு போடு என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. நடுக்கம் 2.7க்கும் 2.9க்கும் இடையே ஊசலாடும். ஒரே ராத்திரியில் நூறு வேலை உத்தரவுகள் குவிந்துவிடும். மறுநாளே மெயின்டனன்ஸ் ஆட்கள் அந்தத் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் விதியை இன்னும் நுட்பமாக எழுத வேண்டும். 2.8க்கு மேல் தொடர்ந்து பத்து நிமிடம் இருந்தால் மட்டும், அதே மெஷினுக்கு ஏற்கெனவே முடியாத வேலை உத்தரவு இல்லாவிட்டால் மட்டும், புதிதாக ஒன்று திறக்கலாம். திறந்ததும் இஆர்பி அந்த மெஷினுக்குரிய பேரிங்கின் எண்ணைப் பார்க்கும், ஸ்டோரில் இருப்பைப் பார்க்கும், இல்லையென்றால் கொள்முதல் கோரிக்கையைத் தயார் செய்து ஒரு மனிதரின் ஒப்புதலுக்கு அனுப்பும். மூன்று வாரம் முன்பே சென்சாருக்குத் தெரிந்தது இப்போது ஸ்டோருக்கும் தெரியும்.

பெயர், நேரம், அலகு

கம்பி இழுப்பதும் கேட்வே மாட்டுவதும் சில நாள் வேலை. இணைப்பு வேலையில் உண்மையில் நாட்களைத் தின்பது வேறு. பிஎல்சியில் அந்தக் கம்ப்ரஸர் ‘சிஎம்பி-03’. இஆர்பியின் சொத்துப் பட்டியலில் அதற்குப் பத்து இலக்க எண். லைனில் இருப்பவர்களுக்கு அது ‘பின்பக்கக் கம்ப்ரஸர்’. மூன்றும் ஒன்றுதான் என்று யாராவது உட்கார்ந்து பட்டியல் போட்டாக வேண்டும். மோட்டார் எரிந்து, ரீவைண்டிங்குக்குப் போய், அதன் இடத்தில் ஸ்பேர் மோட்டாரை மாட்டினால் பட்டியலையும் அன்றே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புது மோட்டாரின் நடுக்கம் பழைய மோட்டாரின் சரித்திரத்தில் ஏறிவிடும்.

நேரமும் இப்படித்தான் குழப்பும். பல கிளவுட் சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. விடியற்காலை 5 மணிக்குச் செய்த பாகம் சர்வரில் முந்தைய நாள் இரவு 11.30 மணிக்குச் செய்ததாகப் பதிவாகும். இரவு ஷிப்ட் நள்ளிரவைக் கடக்கிறது, ராத்திரி 12.40க்கு வெளிவந்த பாகம் எந்தத் தேதியின் உற்பத்தி? ஷிப்ட் தொடங்கிய தேதியா, கடிகாரம் காட்டும் தேதியா? உற்பத்திப் பிரிவும் கணக்குப் பிரிவும் இதில் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துவராது.

அலகு இன்னொன்று. 7 பார் அழுத்தம் என்பது 101.5 பிஎஸ்ஐ. ஜெர்மன் மெஷின் பாரில் சொல்லும். அமெரிக்கக் கருவி பிஎஸ்ஐயில் சொல்லும். நம் ஊர் மெக்கானிக் ‘ஏழு கிலோ’ என்பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. மனிதர் பார்த்ததும் புரிந்துகொள்வார். மென்பொருளுக்கு எழுதிக் கொடுத்தால்தான் புரியும்.

ஏற்கெனவே நடக்கும் இணைப்புகள்

இதெல்லாம் சிறு ஆலைகளுக்கு எட்டாத விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. மென்பொருள் வெளி மென்பொருளோடு பேசுவதை அவர்கள் ஜிஎஸ்டி மூலம் ஏற்கெனவே பழகிவிட்டார்கள். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. ஆலையின் பில்லிங் மென்பொருள் விவரங்களை அரசின் தளத்துக்கு அனுப்பினால், 64 எழுத்துகள் கொண்ட தனி அடையாளமும் க்யூஆர் குறியீடும் திரும்பி வரும். நெட்வொர்க் தடுமாறி அதே பில்லை இரண்டாம் முறை அனுப்பினாலும் தளம் ஏற்காது. அந்த அடையாளம் விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், ஆவண வகை, நிதியாண்டு இவற்றிலிருந்தே உருவாவதுதான் காரணம். சென்சார் இணைப்பிலும் இதே கவனம் வேண்டும். இணைய இணைப்பு அறுந்து மறுபடி வரும்போது கேட்வே பழைய செய்தியை மீண்டும் அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் இல்லையென்றால் ஒரே பேரிங்குக்கு இரண்டு ஆர்டர் போய்விடும்.

சென்சாரிலிருந்தே நேரடியாக வெளியே போகும் தரவுக்கும் தமிழ்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வெளியேறும் இடத்திலும் தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அந்த அளவுகள் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்கு இணையம் வழியே போகின்றன. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அளந்த காலத்தோடு ஒப்பிட்டால், இது ஊர் மக்களுக்கும் நல்லது.

மூன்றாவது உதாரணம் இதே வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையில், கூடுவாஞ்சேரி அருகே உள்ள ஜோஹோ நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள். இன்று அதன் கண்காணிப்பு மென்பொருளான ஆப்மேனேஜர் ஒரு சர்வர் கோளாறைக் கண்டால், அதன் இன்னொரு மென்பொருளான சர்வீஸ்டெஸ்க் பிளஸில் தானாகவே புகார் பதிவாகும்படி அமைக்கலாம். சர்வருக்குப் பதில் கம்ப்ரஸரை வைத்துப் பார்த்தால் ஆலைத் தளத்தில் செய்ய வேண்டியதும் இதேதான்.

இணைப்பின் பலன் பேரிங்கோடு நிற்பதில்லை. மின் மீட்டரை உற்பத்திக் கணக்கோடு சேர்த்தால், ஒரு பாகத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று தெரியும். உயரழுத்த மின் இணைப்பு உள்ள ஆலைகளுக்கு உச்ச நேரக் கட்டணம் கூடுதல். உச்சபட்சத் தேவைக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. எந்த வேலையை எந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று திட்டமிட இந்தக் கணக்கு உதவும். கார் ஆலைகளில் போல்ட் முறுக்கிய அளவை அந்த வண்டியின் 17 எழுத்து சேசிஸ் எண்ணோடு சேர்த்துப் பதிந்துவைத்தால், பின்னாளில் குறை தெரியவரும்போது எந்தெந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடியும். இல்லையென்றால் அந்த மாதம் வெளிவந்த எல்லா வண்டிகளையும் அழைக்க வேண்டியிருக்கும்.

கதவைத் திறக்கும்போது

ஆனால் எண் வெளியே போகும் வழியில் வேறு எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது. 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீம்பொருள் கண்டறியப்பட்டதை உறுதிப்படுத்தியது. செய்திகளில் அடிபட்ட இடம் கூடங்குளம். நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி அது. உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்று கழகம் விளக்கியது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் தாக்குதல் நடந்தது அலுவலகக் கணினிகள் மீதுதான். இருந்தும் சுமார் 8,850 கிலோமீட்டர் நீள எரிபொருள் குழாயை நிறுவனமே முன்னெச்சரிக்கையாக நிறுத்தியது; பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது.

கணக்குப் பிரிவில் யாரோ திறந்த ஒரு மின்னஞ்சல் பிரஸ் மெஷினை எட்டாதபடி அமைப்பது இணைப்பு வேலையின் ஒரு பகுதியே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கில்லை. ஆலை வலைப்பின்னலையும் அலுவலக வலைப்பின்னலையும் பிரித்து, நடுவே ஒரு இடைத்தளம் வைத்து, சென்சார் தரவு வெளியே மட்டும் போகும்படி செய்வது நடைமுறை. மெஷினை ஓட்டும் கட்டளை எதுவும் இஆர்பியிலிருந்து நேரே பிஎல்சிக்குப் போகக் கூடாது. கேட்வேயோடு வந்த ஆரம்பக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். சப்ளையர் தொலைவிலிருந்து சரிபார்க்க வேண்டுமென்று கேட்டால், அந்த நேரத்துக்கு மட்டும் வழியைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

ஆட்களிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மெஷின் எத்தனை நிமிடம் நின்றது என்ற கணக்கு தங்களைப் பிடிப்பதற்கான வலை என்று ஆபரேட்டர்கள் நினைத்துவிட்டால், நின்ற காரணத்தைக் கேட்கும் திரையில் ‘மற்றவை’ என்ற பொத்தானைத்தான் அழுத்துவார்கள். மெட்டீரியல் வராததால் நின்றதா, டை மாற்ற நேரம் ஆனதா, கரண்ட் போனதா என்ற உண்மைக் காரணம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காரணம் இல்லாத நிறுத்த நேரக் கணக்கால் எந்தக் குறையையும் சரிசெய்ய முடியாது. லாக் புக்கை ஷிப்ட் முடிவில் மறுபடி நிரப்பும் வேலை முதலில் ஒழிந்தால், இந்த மாற்றம் தங்களுக்கும் உதவுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இந்த வேலைக்கு ஆள் எங்கே கிடைப்பார்கள்? மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்து, ஏபிஐயும் புரிந்தவர்கள் வேண்டும். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐக்களை நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டத்தை எடுத்திருக்கிறது. முதல் கட்டத்தில் 22 மையங்கள் 2023 ஜூலையில் திறக்கப்பட்டன. அந்த விழா நடந்த இடம் ஒரகடம் அரசு ஐடிஐ. அங்கே படித்து வரும் ஒரு பையனையோ பெண்ணையோ பக்கத்து ஷெட்டில் வேலைக்கு எடுக்கும் முதலாளி, முதல் மாதத்தில் ஆலை முழுவதையும் இணைக்கச் சொல்ல வேண்டாம். நின்றால் லைனே நிற்கும் ஒரே ஒரு மெஷினைக் காட்டி, அதன் நடுக்கம் ஸ்டோரின் டாலி திரைக்கு வரட்டும் என்று சொன்னால் போதும். பெயர்ப் பட்டியல், நேரம், அலகு, வரம்பு, கடவுச்சொல் என்று எல்லாச் சிக்கலும் அந்த ஒரு மெஷினிலேயே வந்துவிடும். அதைத் தீர்த்தவர் இரண்டாவது மெஷினை ஒரு வாரத்தில் முடிப்பார்.